ஊறுகாய் என்ற பெயர் வந்த வழி

பள்ளிக்கூடத்தில் வினைத்தொகைப் பாடம் என்றால் ஆசிரியர் எடுத்துக்காட்டாகச் சொல்லும் முதல் சொற்களில் ஒன்று ஊறுகாய். ஊறின காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று மூன்று காலத்துக்கும் விரித்து எழுதி, மதிப்பெண் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். காலம் காட்டும் உறுப்பு மறைந்து நிற்கும் பெயரெச்சம் வினைத்தொகை என்பது பவணந்தியார் நன்னூலில் தரும் இலக்கணம். சுடுசோறு, வளர்பிறை என்று எத்தனையோ உதாரணங்கள் இருந்தாலும் எனக்கு இதுதான் உச்சம். சோறு ஆறிவிட்டால் சுடுசோறு என்ற பெயர் போய்விடும். பிறை முழு நிலவாகிவிட்டால் வளர்பிறை இல்லை. ஊறுகாய் மட்டும் போட்ட அன்றும் ஊறுகாய், ஒரு வருஷம் கழித்து ஜாடியின் அடியை வழிக்கும்போதும் ஊறுகாய்.

இதில் வரும் 'ஊறு' என்ற வினையைத்தான் நாம் சரியாகக் கவனிப்பதில்லை. தமிழில் அதற்கு இரண்டு போக்கு உண்டு. கிணற்றில் தண்ணீர் ஊறுகிறது, நாக்கில் எச்சில் ஊறுகிறது என்றால் உள்ளிருந்து வெளியே கசிந்து வருவது. மணற்கேணியைத் தோண்டத் தோண்ட நீர் ஊறுவதைக் கல்விக்கு உவமையாக வள்ளுவர் சொன்னது இந்தப் பொருளில். ஊற்று என்ற சொல்லும் இதன் பிள்ளை. இட்லிக்கு அரிசி ஊறுகிறது, வெளுக்கப் போட்ட துணி ஊறுகிறது என்றால் நேர்மாறு: வெளியே இருக்கும் நீர் உள்ளே போவது. ஒரே வினை, எதிரெதிரான இரண்டு திசை.

இரண்டு திசையும் ஒரே பாத்திரத்தில் சந்திக்கும் இடம் மாவடு ஜாடி. மாசி, பங்குனியில் சந்தைக்கு வரும் வடுவைக் காம்போடு வாங்கிக் கழுவி, ஈரம் போகத் துணியில் துடைத்து, விளக்கெண்ணெயைக் கையில் தொட்டு ஒவ்வொரு காய் மேலும் பூசுவார்கள். பிறகு ஜாடியில் ஒரு அடுக்கு வடு, ஒரு அடுக்கு கல்லுப்பு. வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டி வைத்தால், அடுத்த நாளே அடியில் தண்ணீர் நிற்கும். ஒரு சொட்டு நீர்கூட யாரும் ஊற்றவில்லை. உப்பு காய்க்குள் இருக்கும் நீரை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. அது கிணறு ஊறுவதுபோன்ற ஊறல். தினமும் ஜாடியைக் குலுக்கிவிட, தன்னிடமிருந்து கசிந்த உப்புநீரிலேயே வடு முங்கிக் கிடந்து, தோல் சுருங்கி, உப்பை உள்ளே வாங்கிக்கொள்கிறது. இது அரிசி ஊறுவதுபோன்ற ஊறல். அதன் பிறகுதான் கடுகு, மஞ்சள், மிளகாய் எல்லாம். அவற்றையும் அந்தத் தண்ணீரையே விட்டு அரைக்க வேண்டும், பச்சைத் தண்ணீர் பட்டால் கெட்டது. வேதியியல் தெரியாத ஒரு வீட்டுப் பெண்தான் இந்தப் பெயரை முதலில் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். ஜாடிக்குள் நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குத்தான் அந்த வினை வாயில் வரும்.

அகராதியைப் புரட்டினால் இன்னும் ஒரு 'ஊறு' கிடைக்கும். தீங்கு என்றும் தொடுவுணர்வு என்றும் பொருள்படும் அந்தச் சொல், 'உறு' என்ற பகுதி நீண்டு வந்த தொழிற்பெயர். சுடு சூடு ஆனதுபோல, கெடு கேடு ஆனதுபோல. நம் காய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. புணர்ச்சியே இதைக் காட்டிக்கொடுக்கும். ஆறு என்ற பெயர் நீரோடு சேர்ந்தால் ஆற்றுநீர் ஆகிறது, றகரம் இரட்டிக்கிறது. ஊறுகாயில் றகரமும் இரட்டிக்கவில்லை, ககரமும் மிகவில்லை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்ற விதிப்படி மெல்ல ஒலிக்கும் அந்தக் 'கா'தான் தெலுங்கில் 'ஊரகாய' என்று இன்றும் அதே மென்மையோடு கேட்கிறது. வாயில் எச்சில் ஊறுவதை அவர்களும் 'நோரு ஊரு' என்கிறார்கள்.

பொருள் பழையது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், காஞ்சிக்குப் போகும் பாணனுக்கு அந்தணர் மனையில் கிடைக்கும் உணவில் மாவின் வடு ஊறிய காடியும் இருக்கிறது. ஆனால் அங்கே ஊறுகாய் என்ற பெயர் இல்லை. புளிப்பைச் சுட்டும் காடிதான் பெயர். அந்தக் காலத்து வடுவில் மிளகாய் இருக்க வழியே இல்லை. அது போர்த்துக்கீசியர் வந்த பிறகு கடல் கடந்து வந்தது. இன்றைய ஜாடியின் சிவப்பு முழுவதும் பிற்கால வரவு. பெயர் காரத்தைச் சுட்டாமல் ஊறுதலைச் சுட்டியதால், மசாலா மாறியும் அது பொருந்திக்கொண்டது. ஆவக்காயைப் பாருங்கள். 'ஆவ' என்றால் தெலுங்கில் கடுகு. கடுகு இல்லாமல் அந்தப் பெயர் நிற்காது.

கன்னடத்தில் உப்பினகாயி, அவர்கள் கண் உப்பின் மேல். மலையாளத்தில் உப்பிலிட்டது என்றும் அச்சார் என்றும் சொல்கிறார்கள். அச்சார் பாரசீகத்திலிருந்து வந்த சொல். 1563இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்ட்டாவின் மருந்துநூலிலேயே அது இருக்கிறது. கப்பலேறி மலாயில் ஆச்சார், சிங்களத்தில் அச்சாறு என்று பரவியது. தமிழிலும் அச்சாறு உண்டு. ஆனாலும் ஊறுகாயை அதனால் அசைக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் தேசிக்காயை உப்பிட்டு வெயிலில் காய வைத்துச் செய்வதும் ஊறுகாய்தான்.

'ஊறு' இப்படி இறுகப் பிடித்துக்கொண்டிருக்க, 'காய்' நெகிழ்ந்துபோனது. எலுமிச்சம்பழ ஊறுகாயில் பழமும் காயும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பூண்டு, இஞ்சி, மாகாளிக் கிழங்கு எதுவும் காயல்ல. மீனும் இறாலும்கூட ஊறுகாய் ஆகிவிட்டன. யாருக்கும் காதில் உறுத்துவதில்லை. நாக்கு இந்தச் சொல்லில் தேடுவது ஊறலைத்தான். காய் பின்னொட்டாகத் தேய்ந்துவிட்டது.

பேச்சுவழக்கு ஒன்று எனக்கு வருத்தம் தருகிறது. படத்தில் கதாநாயகிக்கு வேலையில்லை என்றால் "ஊறுகாய் மாதிரி தொட்டுக்கிட்டாங்க" என்கிறோம். இலையின் ஓரத்தில் அது பிடிக்கும் இடத்தை வைத்து வந்த பேச்சு. சுருள் நார்த்தங்காய் போட்டுப் பார்த்தவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள். காய் அறுந்துபோகாமல் சுற்றிச் சுற்றி ஒரே சுருளாக நறுக்கி, மடிப்பெல்லாம் உப்பை அடைத்து, பகலில் மாடியில் காயவைத்து, சாயங்காலம் அதன் உப்புநீரிலேயே திரும்பப் போட்டு, மறுநாள் மறுபடி வெயிலுக்கு எடுத்துப்போக வேண்டும். நீர் வற்றும்வரை இந்த ஏற்ற இறக்கம்தான்.

கல்யாணப் பந்தியில் அன்று காலை மாங்காயைப் பொடிப்பொடியாக நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் பெருங்காயமும் சேர்த்து, கடுகு தாளித்து எண்ணெய் விட்டுப் பரிமாறுவார்கள். ருசியில் குறை சொல்ல முடியாது. அதைக் கல்யாண ஊறுகாய் என்பதைவிட வெட்டு மாங்காய் என்று சொல்லும் சமையல்காரர்கள் பக்கம்தான் நான். அது ஊறவில்லை; வெட்டித்தான் போட்டிருக்கிறார்கள்.