தூதரகத்து அபேட்சகர்

2013 ஆம் ஆண்டு செப்டெம்பர் 7 ஆந் திகதி அவுஸ்திரேலியாவில் நடைபெற்ற பொதுத்தேர்தலில், விக்ரோறியா மாநிலத்து வாக்காளருக்கு வழங்கப்பட்ட செனற் சபை வாக்குச்சீட்டிலே ஜூலியன் அசாஞ் என்னும் பெயர் காணப்பட்டது. அப்பெயருக்குரியவர் அம்மாநிலத்தில் இருக்கவில்லை, அந்நாட்டிலேயே இருக்கவில்லை. இலண்டன் மாநகரில், ஹரட்ஸ் என்னும் புகழ்பெற்ற கடைக்கு அண்மையிலுள்ள எக்குவடோர் நாட்டுத் தூதரகத்தில் பதினான்கு மாதங்களுக்கு மேலாக அவர் அடைக்கலம் புகுந்திருந்தார். வெளியே பிரித்தானியப் பொலிசார் இரவு பகலாகக் காவல் நின்றனர். இந்நிலையில் உள்ள ஒருவர் மக்களின் பிரதிநிதியாக இயலுமா என்பது சட்டத்தின்பாற்பட்ட வினா மட்டுமன்று. அரசியல் என்பது யாது என்பதையும் தொட்டுச் செல்லும் வினாவாகும்.

1971 இல் குயீன்ஸ்லாந்து மாநிலத்தில் பிறந்த அசாஞ், 2006 இல் விக்கிலீக்ஸ் என்னும் இணையத்தளத்தைத் தோற்றுவித்தார். 2010 இல் அத்தளம் வெளியிட்டவை அவரை உலகறியச் செய்தன. பக்தாத் நகரில் 2007 இல் அமெரிக்க உலங்குவானூர்தியொன்று நிகழ்த்திய கொலைகளைக் காட்டும் படச்சுருள், ஆப்கானிஸ்தான், ஈராக் போர்க்களக் குறிப்புகள், ஏறத்தாழ இரண்டரை இலட்சம் அமெரிக்க இராசதந்திரத் தந்திகள் ஆகியன அவற்றுட் குறிப்பிடத்தக்கன. அவரை வீரரெனப் போற்றியோர் பலர். துரோகி எனத் தூற்றியோரும் பலர். 2011 இல் அத்தந்திகள் பெயர்கள் மறைக்கப்படாமலே முழுமையாக வெளியிடப்பட்டபோது, அதுவரை அவருடன் இணைந்து பணியாற்றிய பத்திரிகைகளே அச்செயலைக் கண்டித்தன.

இதற்கிடையில் 2010 ஆகஸ்டு மாதம் சுவீடனில் இரு பெண்கள் அவர்மீது பாலியற் குற்ற முறைப்பாடுகளைச் செய்தனர். அவற்றை அவர் மறுத்தார். சுவீடனுக்குச் சென்றால் அங்கிருந்து ஐக்கிய அமெரிக்காவுக்குக் கையளிக்கப்படலாம் என்பது அவருடைய அச்சம். 2012 மே மாதம் பிரித்தானிய உயர்நீதிமன்ற நீதியரசர் எழுவருள் ஐவர் அவருடைய மேன்முறையீட்டை நிராகரித்தனர். யூன் 19 ஆந் திகதி, பிணை நிபந்தனையை மீறித் தூதரகத்துட் புகுந்தார். ஆகஸ்டு 16 இல் எக்குவடோர் அடைக்கலம் வழங்கிற்று. அவருடைய அச்சம் ஆதாரமற்றதன்று என்பதைப் பிற்கால நிகழ்ச்சிகள் காட்டின. ஆயினும், அவ்வச்சத்தின் பெயரால் அப்பெண்களின் முறைப்பாட்டை ஒரு சூழ்ச்சியென ஒதுக்கிவிட்ட ஆதரவாளர்களின் போக்கு நியாயமானதென்று கூறுவதற்கில்லை. அம்முறைப்பாடு நீதிமன்ற விசாரணையைக் காணாமலே 2019 இல் கைவிடப்பட்டது.

தூதரக அடைக்கலம் இலத்தீன் அமெரிக்காவிலே வேரூன்றிய வழக்காகும். பிரித்தானியா அதனை ஏற்பதில்லை. அவ்வழக்கின் வரலாற்றில் அசாஞ்சுக்கு முன்னோடியாக ஒருவரைக் கூறலாம். பெரு நாட்டின் அப்ரா இயக்கத் தலைவர் விக்ரர் றாவுல் ஆயா தெ லா தோரே 1949 சனவரியில் லீமாவிலுள்ள கொலம்பியத் தூதரகத்திற் புகுந்து, 1954 ஏப்பிரல் வரை அங்கேயே தங்கினார். வழக்கு ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தை எட்டியது. அடைக்கலம் முறைப்படி வழங்கப்படவில்லை என 1950 இல் தீர்ப்பளித்த அந்நீதிமன்றம், அவரை ஒப்படைக்கக் கொலம்பியா கடமைப்பட்டதன்று என 1951 இற் கூறிற்று. இருக்கவும் முடியாது, வெளியேறவும் முடியாது என்னும் விசித்திர நிலை! எனினும் ஆயாவிற்கு ஒரு பெரும்பலம் இருந்தது. அவர் அறைக்குள் இருந்தபோது, தடைசெய்யப்பட்டிருந்த அவருடைய கட்சி வெளியே உயிரோடு இருந்தது. தொழிற்சங்கங்களிலும் மாணவரிடையிலும் அதற்கு ஒரு தலைமுறைக் கால வேர் இருந்தது. 1962 தேர்தலில் அவர் மற்றெல்லோரிலும் கூடிய வாக்குப் பெற்றார். இராணுவம் குறுக்கிட்டு அத்தேர்தலை அழித்தது. 1978 இல் அரசியல் நிர்ணய சபைக்கு அவரே தலைவரானார்.

அசாஞ்சுக்கு அத்தகைய கட்சி இருக்கவில்லை. தூதரகத்துள் இருந்தவாறே அதனை ஆக்க முற்பட்டார். தம் நாட்டரசு தம்மைக் கைவிட்டது என்னும் மனக்குறையே அவரைத் தேர்தலை நோக்கித் தள்ளியது. 2010 இல் விக்கிலீக்ஸின் செயல் சட்டவிரோதமானது எனப் பிரதமர் ஜூலியா கிலாட் கூறினார். ஆனால் அவுஸ்திரேலியச் சட்டம் எதுவும் மீறப்பட்டதாகத் தாம் காணவில்லை என்று அந்நாட்டுக் கூட்டாட்சிப் பொலிசார் சில நாட்களிலேயே அறிவித்தனர். 2013 யூலையில் விக்கிலீக்ஸ் கட்சி பதிவு பெற்றது. மூன்று மாநிலங்களில் எழுவர் போட்டியிட்டனர். அசாஞ் இணையவழியாகக் கூட்டங்களிற் பேசினார். பொய்முடி தரித்து, ஒரு நையாண்டிப் பாட்டுக்கு வாயசைத்தும் தோன்றினார். மேடையேற முடியாதவர் திரையில் எதுவாகவும் தோன்றலாம் போலும்.

சட்டம் அவருடைய அபேட்சகத்துவத்துக்குத் தடையாக இருக்கவில்லை. சபைக்குச் சென்று அமர்வதே சிக்கலாயிருந்தது. கூட்டத்தொடரில் இரு மாதங்கள் தொடர்ந்து அனுமதியின்றிச் சமுகமளிக்காத செனற்றர் ஆசனமிழப்பார் என்பது யாப்பின் 20 ஆம் பிரிவு. அந்நிய அரசொன்றுக்குப் பற்றுறுதி தெரிவித்தோரையும், அதன் பிரசைக்குரிய உரிமை உடையோரையும் 44 ஆம் பிரிவு விலக்கிவைக்கும். எக்குவடோரின் அடைக்கலம் அதனுள் அடங்குமோ என்னும் ஐயம் எழுந்தது. தாம் திரும்ப இயலாவிடின் கட்சியின் வேறொருவர் அவ்வாசனத்தை நிரப்பலாம் என்பதே அசாஞ்சின் தரப்பு விடை. அப்படியாயின் வாக்காளர் தெரிவு செய்வது யாரை?

அவ்விடத்தை நிரப்பக்கூடியவராகக் கருதப்பட்டவர் விக்ரோறியாவில் இரண்டாமிடத்தில் நின்ற லெஸ்லி கனோல்ட் அம்மையார். தேர்தலுக்குப் பதினேழு நாட்களுக்கு முன்னர், ஆகஸ்டு 21 இல், அவர் கட்சியை விட்டு விலகினார். காரணம் விருப்புத்தெரிவுப் பட்டியல். அக்காலச் செனற் தேர்தல் முறையில் பெரும்பாலான வாக்காளர் ஒரு கட்சிக்கு மட்டும் அடையாளமிடுவர். எஞ்சும் வாக்கு எக்கட்சிக்கு எவ்வொழுங்கிற் செல்லும் என்பதைக் கட்சியே முன்னதாகப் பட்டியலிட்டுக் கையளித்துவிடும். விக்கிலீக்ஸ் கட்சி நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், தீவிர வலதுசாரி அமைப்பான அவுஸ்திரேலியா முதற் கட்சியைப் பசுமைக் கட்சிக்கு மேலே வைத்தது. மேற்கு அவுஸ்திரேலியாவில் தேசியக் கட்சியைப் பசுமைக் கட்சிக்கு மேலே வைத்தது. அங்குப் பசுமைக் கட்சியின் அபேட்சகர் ஸ்கொட் லட்லம். அசாஞ்சுக்காகச் செனற் சபையில் இடையறாது குரலெழுப்பியவர்! முன்னையது நிருவாகத் தவறெனக் கட்சி விளக்கிற்று. கட்சியின் தேசியக் குழுவைப் புறக்கணித்து வேறுசிலர் முடிவெடுக்க முனைந்தனர் என்பதே கனோல்டின் குற்றச்சாட்டு. அசாஞ்சின் நெடுநாள் நண்பர் டானியல் மத்தியூஸ் உட்படக் குழுவினர் சிலரும் விலகினர்.

அரசுகளின் மறைவான முடிவுகளை அம்பலப்படுத்துவதற்கென எழுந்த கட்சி, தன் முடிவு எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதைத் தன் உறுப்பினர்க்கே தெளிவுபடுத்த இயலாது நின்றது. இதற்கு அசாஞ் அளித்த விடை சிந்திக்கத்தக்கது. எட்வேட் சுனோடன் என்னும் இளைஞருக்கு அடைக்கலம் தேடுவதில் தாம் ஈடுபட்டிருந்தமையாற் கட்சிப் பணிகளை அளவுக்கு மீறிப் பிறரிடம் ஒப்படைத்ததாகவும், அதற்குத் தாமே பொறுப்பு என்றும் அவர் கூறினார். அது நேர்மையான ஒப்புதலே. ஆயின் இலண்டன் அறைக்குள் இருந்தவருக்குப் பிறரிடம் ஒப்படைப்பதன்றி வேறு வழி எது? ஆயாவின் கட்சி அவர் இல்லாமலே இயங்கக் கற்றிருந்தது. விக்கிலீக்ஸ் கட்சியோ அவர் பெயரையன்றி வேறு முதல் இல்லாதது. அப்பெயருக்குரியவரோ கூட்ட அறைக்கு வரமுடியாதவர்.

விக்ரோறியாவில் அக்கட்சிக்குக் கிடைத்தது 1.24 வீதம், நாடளாவிய அளவில் 0.66 வீதம். மேற்கு அவுஸ்திரேலியாவில் லட்லம் முதல் எண்ணிக்கையில் தோற்று, மீள எண்ணியபோது வென்றார். ஆனால் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட வாக்குச்சீட்டுகள் தொலைந்தமையால் அத்தேர்தல் செல்லாதென நீதிமன்றம் தீர்த்தது. 2014 ஏப்பிரலில் நடந்த மறுதேர்தலில் அவர் வெற்றியீட்டினார். மூன்றாண்டுகளின் பின், பிறப்பால் வந்த நியூசிலாந்துப் பிரசாவுரிமை தம்மிடம் எஞ்சியிருப்பதை அறிந்து, அதே 44 ஆம் பிரிவின் காரணமாக அவர் பதவி துறக்க நேர்ந்தது.

விக்கிலீக்ஸ் கட்சியின் பதிவு, போதிய உறுப்பினர் இன்மையால் 2015 யூலையில் நீக்கப்பட்டது. 2017 டிசெம்பரில் எக்குவடோர் அசாஞ்சுக்குப் பிரசாவுரிமை வழங்கிற்று. ஆட்சி மாறியிருந்த அந்நாடே 2019 ஏப்பிரல் 11 இல் அடைக்கலத்தை மீளப்பெற, பிரித்தானியப் பொலிசார் அவரைத் தூதரகத்திலிருந்து தூக்கிச் சென்றனர். பெல்மார்ஷ் சிறையில் ஐந்தாண்டுகள் கழிந்தன. ஐக்கிய அமெரிக்காவுடன் செய்த உடன்பாட்டின்படி ஒரு குற்றச்சாட்டை ஒப்புக்கொண்ட பின், 2024 யூன் 26 ஆந் திகதி மாலை அவர் சென்ற விமானம் தலைநகர் கன்பராவில் இறங்கியது. அவர் அமர விரும்பிய செனற் சபை உள்ளதும் அந்நகரிலேயே.