விளாடே திவாச்: ஆடுகளத்திலிருந்து அணி நிர்வாகத்துக்கு

விளாடே திவாச் (பிறப்பு: பிப்ரவரி 3, 1968) செர்பியாவில் பிறந்து, அமெரிக்காவில் புகழ்பெற்ற கூடைப்பந்து வீரர். 1989-இல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் இவரைத் தேர்ந்தெடுத்தது. 1996-இல் இளம் வீரர் கோபி பிரயன்டைப் பெறுவதற்காக அவ்வணி இவரைச் சார்லட் அணிக்கு மாற்றியது. மனம் வருந்திய திவாச், முதலில் ஆட்டத்தையே விட்டுவிட எண்ணினார். பின்னர் சாக்ரமென்டோ கிங்ஸ் அணியில் சிறந்து விளங்கி, 2005-இல் ஓய்வு பெற்றார்.

2015-இல் கிங்ஸ் அணியின் நிர்வாகத்துக்கு வந்தார். மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே அதன் உரிமையாளர். இப்போது வீரர்களை மாற்றும் பொறுப்பு திவாச்சிடமே இருந்தது. 2017-இல் நட்சத்திர வீரர் டிமார்கஸ் கசின்சை நியூ ஆர்லியன்சுக்கு மாற்றினார். 2018 வீரர் தேர்வில், தம்மைப் போலவே ஐரோப்பாவிலிருந்து வந்த லூக்கா டான்சிச்சை விட்டு, மார்வின் பேக்லியைத் தேர்ந்தெடுத்தார். டான்சிச் விரைவில் முன்னணி வீரரானார். 2019-இல் கூடைப்பந்துப் புகழ்மன்றத்தில் இடம்பெற்ற திவாச், மறு ஆண்டே பதவி விலகினார். நல்ல ஆட்டக்காரருக்கும் ஆளைத் தேர்ந்தெடுப்பது தனிக்கலையே.