உயர்நிலைப் பள்ளியில் இசை: மூன்று வழிகள்

சிங்கப்பூரில் தொடக்கப் பள்ளியை முடிக்கும் மாணவர், உயர்நிலைப் பள்ளியில் மூன்று வழிகளில் இசையைத் தொடரலாம்.

முதலாவது, வகுப்பறைப் பாடம். உயர்நிலை ஒன்றிலும் இரண்டிலும் எல்லா மாணவர்களும் இசை பயில்கின்றனர்.

இரண்டாவது, இணைப்பாட நடவடிக்கை. உயர்நிலை மாணவர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒன்றில் சேர வேண்டும். சேர்ந்திசைக் குழு, பேண்டு வாத்தியக் குழு, கிட்டார் குழு, சீன இசைக்குழு எனப் பள்ளிக்குப் பள்ளி வாய்ப்புகள் வேறுபடும். அதுவரை எந்த வாத்தியத்தையும் தொடாதவர்களையும் பல குழுக்கள் சேர்த்துக்கொண்டு அடிப்படையிலிருந்து கற்றுத்தருகின்றன.

இக்குழுக்கள், 1967ல் தொடங்கிய சிங்கப்பூர் இளையர் விழாவில் ஈராண்டுக்கு ஒருமுறை மேடையேறுகின்றன. தங்கம், வெள்ளி, வெண்கல விருதுகளுக்குப் பதிலாக 2013 முதல் மூன்று நிலைகளில் சான்றிதழ்கள் வழங்கப்படுகின்றன. மற்றக் குழுக்களை முந்துவதைவிட, வகுக்கப்பட்ட தரத்தை எட்டுவதே முக்கியம்.

மூன்றாவது, கல்வி அமைச்சு 1982ல் அறிமுகப்படுத்திய இசை விருப்பப்பாடத் திட்டம். இது குறிப்பிட்ட சில பள்ளிகளில் மட்டுமே உண்டு. சேர்வதற்குத் தெரிவுச் சோதனையில் தேற வேண்டும். வாசிப்பதோடு இசையமைப்பதையும் கேட்டு ஆராய்வதையும் மாணவர்கள் இதில் ஆழமாகக் கற்கின்றனர்.

தனியார் இசை வகுப்புக்கு அனுப்ப வசதியில்லாத பெற்றோருக்கு இரண்டாவது வழி கைகொடுக்கும். வீட்டில் மிருதங்கமோ வாய்ப்பாட்டோ பயிலும் பிள்ளைகளுக்கு, அங்கு பெற்ற தாள உணர்வும் சுருதி ஞானமும் புதிய வாத்தியத்திலும் துணைநிற்கும். ஆனால், விரும்பும் குழு அந்தப் பள்ளியில் இருக்கவேண்டும். ஆகவே, உயர்நிலை ஒன்றுக்கான ஆறு பள்ளித் தெரிவுகளை நிரப்புமுன், ஒவ்வொரு பள்ளியின் இணைப்பாட நடவடிக்கைப் பட்டியலையும் பார்த்துவிடுவது நல்லது.