பேர்ளின் நகரின் இரவு விடுதிகளும் தன்பால் விருப்புடையோரும் (1885 – 1933): ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஒரு நகரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் அரண்மனைகளையும் பாராளுமன்றத்தையும் தொழிற்சாலைகளையும் கொண்டே அதனை எழுதி வந்துள்ளனர். பகற்பொழுதில் தம்மை வெளிப்படுத்த இயலாத மக்கட் பிரிவினர் இரவில் எங்கு கூடினர், அவர்கள் கூடுவதை ஆட்சியாளர் எவ்விதம் நோக்கினர் என்னும் வினாக்கள் மிகப் பிந்தியே ஆய்வாளரின் கவனத்தைப் பெற்றன. இவ்வகையில் ஜேர்மனியின் தலைநகரான பேர்ளின் சிறப்பாக நோக்கற்பாலது. தன்பால் விருப்புடைய ஆண்களும் பெண்களும் ஓரளவு வெளிப்படையாகக் கூடிய விடுதிகளும் நடன மண்டபங்களும் 1920களில் அங்கிருந்த அளவுக்கு வேறு நகரங்களில் இருக்கவில்லை என்பது பொதுவான கருத்து. அவை நகரின் எப்பகுதிகளில் தோன்றின, அவற்றிடையே நிலவிய வேறுபாடுகள் யாவை, குறுகிய காலத்துள் அவை மறைந்தமைக்குக் காரணம் யாது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது.

சட்டமும் பொலிஸாரும்

1871இல் ஜேர்மன் பேரரசு உருவானபோது அதன் தண்டனைச் சட்டக்கோவையின் 175ஆம் பிரிவு ஆண்களுக்கிடையிலான பாலுறவைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. பெண்கள் அப்பிரிவினுள் அடங்கவில்லை. எனினும் சட்டம் தண்டித்தது குறிப்பிட்ட செயலையேயன்றி, ஓரிடத்தில் கூடுவதையோ சேர்ந்து நடனமாடுவதையோ அன்று. மூடிய அறையினுள் நிகழும் செயலை நீதிமன்றில் நிரூபிப்பதும் எளிதன்று. சட்டத்துக்கும் அதன் அமுலாக்கத்துக்கும் இடையிலிருந்த இவ்விடைவெளியிலேயே விடுதிகள் தோன்றின.

1885இல் பேர்ளின் பொலிஸ் திணைக்களம் இவ்விடயத்துக்கெனத் தனிப் பிரிவொன்றை அமைத்தது. அதன் பொறுப்பதிகாரியான லியோபோல்ட் ஃபொன் மேர்ஷைட்-ஹியூலெஸெம் விடுதிகளை மூடுவதிலும் பார்க்க அவற்றைக் கண்காணிப்பதே பயனுடையது எனக் கருதினார். அறிந்த இடங்களில் மக்கள் கூடின் அவர்களைக் கவனிப்பது எளிது. அவர்களது அச்சத்தைப் பயன்படுத்திப் பணம் பறிக்கும் கயவரைப் பிடிப்பதும் எளிது. இதன் பயனாக விடுதி உரிமையாளர் ஓரளவு அச்சமின்றித் தொழில் நடத்தினர். ஆனால் அதே பொலிஸ் பிரிவு பெயர்ப் பதிவேடுகளையும் பேணி வந்தது. அப்பதிவேடுகளின் முழுப் பொருளும் ஐம்பது ஆண்டுகளின் பின்னரே தெரியவந்தது.

நகரின் வளர்ச்சியும் இதற்குத் துணைநின்றது. 1871இல் எட்டு இலட்சமளவில் இருந்த மக்கள்தொகை, சுற்றியுள்ள நகரங்களை இணைத்து 1920இல் மாநகரம் விரிவாக்கப்பட்டபோது 38 இலட்சத்தைக் கடந்தது. கிராமத்தையும் குடும்பத்தையும் விட்டு வந்து வாடகை அறைகளில் தங்கிய இளைஞரையும் பெண்களையும் அங்கு எவரும் அறியார். ஊர்க்கண்ணிலிருந்து விடுபட்ட இம்மக்களே விடுதிகளின் வாடிக்கையாளராயினர்.

பகுதிகளும் வர்க்க வேறுபாடுகளும்

இவ்விரவு வாழ்வை ஒரே தன்மையுடையதாகக் கருதுதல் தவறாகும். மருத்துவரான மக்னஸ் ஹிர்ஷ்பெல்ட் 1904இல் வெளியிட்ட ‘பேர்ளினின் மூன்றாம் பால்’ என்னும் நூலே விடுதிகள் வாடிக்கையாளரின் தொழிலுக்கும் வருவாய்க்கும் ஏற்ப வேறுபட்டிருந்தமையைப் புலப்படுத்துகின்றது. 1920களில் இவ்வேறுபாடு நகரின் வரைபடத்திலேயே தெளிவாகத் தெரிந்தது.

நகரின் நடுவே பிரீட்றிக் வீதியும் அதனை அடுத்த கூரையிட்ட கடைத்தெருவும் வறிய இளைஞர் பணத்துக்காகக் காத்துநின்ற இடங்கள். தெற்கே ஹல்லெ வாயிலை அண்டிய தொழிலாளர் குடியிருப்புகளில் அலங்காரமற்ற சிறு மதுச்சாலைகள் இருந்தன. ஸொஸ்ஸென் வீதியில் ‘கோசி கோர்னர்’ என அறியப்பட்ட விடுதி அத்தகையது. ஆங்கில எழுத்தாளர்களான டபிள்யூ. எச். ஓடனும் கிறிஸ்தோபர் இஷர்வூட்டும் அங்கு சென்று வந்தனர். வெளிநாட்டவரின் கைப்பணமும் உள்ளூர் இளைஞரின் வேலையின்மையும் அங்கு சந்தித்தன. ஒருவருக்கு விடுதலையாகத் தோன்றியது மற்றவருக்கு அன்றைய உணவுக்கான வழியாக இருந்தது என்பதை வரலாற்றாசிரியர் மறத்தலாகாது.

மேற்கே ஷேனெபேர்க் பகுதியின் நிலை வேறு. 1902இல் திறக்கப்பட்ட உயர்மட்ட மின்சார ரயில்பாதை நொலென்டோர்ப் சதுக்கத்தை நகரின் ஏனைய பகுதிகளுடன் இணைத்தது. அதனைச் சூழ்ந்த பியூலோ வீதி, மொட்ஸ் வீதி, லூதர் வீதி ஆகியவற்றில் நடுத்தர வர்க்கத்தினரை நோக்கிய விடுதிகள் பெருகின. பியூலோ வீதியிலிருந்த ‘டொரியன் கிறே’ ஆண்களும் பெண்களும் வெவ்வேறு நாட்களில் கூடிய இடமாகும். முதலில் லூதர் வீதியிலும் பின்னர் மொட்ஸ் வீதியிலும் இயங்கிய ‘எல்டொராடோ’, பெண்ணுடை தரித்த ஆண்களின் ஆடல் பாடலால் புகழ்பெற்றது. அங்கு வந்தோரிற் பலர் தன்பால் விருப்புடையோர் அல்லர். வேடிக்கை காண வந்த செல்வந்தரும் சுற்றுலாப் பயணிகளுமே ஆவர். ஆயின் பிற்காலத்தில் பேர்ளினின் இரவு பற்றி எழுந்த புனைவுகள் பெரும்பாலும் இவ்வகை விடுதியையே சித்திரித்தன. எழுதுவினைஞரும் கடைச் சிப்பந்திகளும் வார இறுதியில் கூடிய கொமாண்டான்டென் வீதியின் ‘மந்திரக் குழல்’ போன்ற பெரிய மண்டபங்கள் அந்த அளவுக்கு நினைவுகூரப்படவில்லை.

பெண்களின் நிலை

175ஆம் பிரிவு பெண்களைத் தண்டிக்காமை அவர்களது நிலை எளிதாயிருந்தது எனப் பொருள்படாது. பெண்களின் ஊதியம் குறைவு. திருமணமாகாது தனித்து வாழ்வது குடும்பத்தின் எதிர்ப்புக்கு உரியது. எனவே, சந்தாப் பணம் செலுத்தி மண்டபத்தை வாடகைக்கு எடுக்கும் கழக முறை அவர்களிடையே வளர்ந்தது. லொற்றே ஹாம் என்பார் நடத்திய ‘வியொலெற்றா’ மகளிர் கழகம் நடனங்களையும் சுற்றுலாக்களையும் ஒழுங்குசெய்தது. ஷ்வேரின் வீதியின் ‘ரொப்கெல்லர்’ நிலவறையில் திங்கட்கிழமைகளில் கூடிய கழகத்துக்கு மேடைப் பாடகி கிளேர் வால்டோப் சென்று வந்தார். 1928இல் றூத் மார்கரெற்றே றோலிக் பேர்ளினின் தன்பால் விருப்புடைய பெண்களைப் பற்றி எழுதிய நூல், தனியே நகருக்கு வரும் பெண்ணுக்கு எங்கு செல்லலாம் என்பதை முகவரியுடன் கூறும் வழிகாட்டியாயிற்று.

கேளிக்கைக்கு அப்பால்

இவ்விடுதிகள் வெறும் கேளிக்கைக் கூடங்களாக மட்டும் அமையவில்லை. 1897இல் ஹிர்ஷ்பெல்ட் நிறுவிய விஞ்ஞான மனிதாபிமானக் குழு 175ஆம் பிரிவை நீக்குமாறு கோரிப் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பங்களை அனுப்பியது. 1919இல் அவர் பாலியல் ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அதே ஆண்டில் தொடங்கிய ‘நட்பு’, 1924இல் தொடங்கிய ‘தோழி’ ஆகிய ஏடுகள் தெருவோரக் கடைகளில் விற்பனையாயின. விடுதிகளின் விளம்பரங்கள் அவ்வேடுகளுக்குப் பணம் தந்தன; அவ்வேடுகள் விடுதிகளுக்கு ஆட்களைத் தந்தன. பிரீட்றிக் றாட்சுவைற் தலைமை தாங்கிய மனித உரிமைச் சங்கம் 1920களின் இறுதியில் 48,000 உறுப்பினர் தன்னிடம் உள்ளதாகக் கூறிக்கொண்டது. ஆக, விடுதி, ஏடு, சங்கம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கிநின்றன.

1929 ஒக்டோபரில் பாராளுமன்றக் குழுவொன்று வயதுவந்த ஆண்களின் மனமொத்த உறவைக் குற்றமாகக் கொள்ளாதிருக்கச் சிறு பெரும்பான்மையால் தீர்மானித்தது. ஆனால் உலகப் பொருளாதார நெருக்கடியும் அதனைத் தொடர்ந்த அரசியற் குழப்பமும் அத்தீர்மானத்தைச் சட்டமாக விடவில்லை.

வீழ்ச்சி

விடுதிகளின் அழிவு நாட்சிகள் பதவியேற்ற நாளன்று தொடங்கியதன்று. 1932 ஜூலை 20இல் பிரதமர் பாப்பன் பிரஷ்ய மாகாண அரசைப் பதவி நீக்கினார். அவ்வரசின் கீழிருந்த பேர்ளின் பொலிஸின் தலைமையும் மாறியது. அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே ஒருபாலினர் சேர்ந்தாடும் நடனங்கள் தடைசெய்யப்பட்டன. இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. அதிகாரியின் உத்தரவு ஒன்றே போதுமாயிருந்தது. 1933 பெப்ரவரியில் விடுதிகளை மூடுமாறு கட்டளை பிறந்தது. எல்டொராடோ இருந்த கட்டடத்தின் முகப்பில் மார்ச் தேர்தலுக்கான ஸ்வஸ்திகாப் பதாகைகள் தொங்கின. மே 6இல் ஹிர்ஷ்பெல்டின் நிறுவனம் சூறையாடப்பட்டது. மே 10இல் அதன் நூல்கள் தீக்கிரையாயின. இந்தியா உட்பட ஆசிய நாடுகளில் சொற்பொழிவாற்றி 1932இல் ஐரோப்பா மீண்டிருந்த அவர், ஜேர்மனிக்குத் திரும்ப இயலாது 1935இல் பிரான்சில் காலமானார்.

1934இல் இரகசியப் பொலிஸார் நாடெங்கிலுமிருந்து தன்பால் விருப்புடையோரின் பெயர்ப்பட்டியல்களைக் கோரினர். முன்னைய பொலிஸார் பேணிய பதிவேடுகள் இவ்வாறு வேட்டைக்கான கருவியாயின. 1935இல் 175ஆம் பிரிவு கடுமையாக்கப்பட்டது. நாட்சி ஆட்சியில் ஏறத்தாழ 50,000 ஆண்கள் அதன் கீழ்த் தண்டிக்கப்பட்டனர். 5,000 முதல் 15,000 வரையானோர் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். யுத்தம் முடிந்த பின்னரும் மேற்கு ஜேர்மனி 1935இன் வாசகத்தை 1969 வரை மாற்றாது வைத்திருந்தது. கிழக்கு ஜேர்மனி 1968இல் அப்பிரிவைக் கைவிட்டது. ஒன்றுபட்ட ஜேர்மனியில் அதன் எச்சம் 1994இல் நீக்கப்பட்டது. யுத்தத்துக்குப் பிந்திய தீர்ப்புகள் 2017இலேயே இரத்துச் செய்யப்பட்டன.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பேர்ளினின் விடுதிகளை அழித்தது அவற்றை நாடியோரின் ஒழுக்கக்கேடு என்னும் அக்காலக் கூற்று ஆதாரமற்றது என்பது புலனாகும். அவ்விரவு வாழ்வு அரை நூற்றாண்டு காலம் நிலைத்தது பொலிஸாரின் சகிப்பினாலேயாகும். சட்டம் அளித்த உரிமையினால் அன்று. சகிப்பை அளித்த கை, அதே வேளையில் பெயர்களையும் எழுதி வைத்தது. கைமாறியபோது சகிப்பு மறைந்தது, பெயர்கள் எஞ்சின. சிறுபான்மைப் பிரிவொன்று அதிகாரிகளின் நல்லெண்ணத்தில் மட்டும் தங்கிவாழும் எச்சமுதாயத்துக்கும் இவ்வரலாறு பொருந்துவதாகும்.