எண்ணூர் எண்ணெயும் வானத்துக் கண்ணும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

2017 ஜனவரி 28, சனிக்கிழமை. விடியும் முன் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. வெளியே போன கேஸ் கப்பல் 'பி.டபிள்யூ. மேப்பிள்'. உள்ளே வந்த எண்ணெய்க் கப்பல் 'டான் காஞ்சிபுரம்'. "சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லை" என்றுதான் முதலில் சொன்னார்கள். ஆனால் திருவொற்றியூர் கரையில் நாற்றம் வந்துவிட்டது. பாறைக் கற்களுக்கு நடுவே தார் போலக் கறுப்பாக எண்ணெய் மிதந்தது.

அப்போது நான் இங்கே ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஆண்டு ஓய்வு. அந்த வாரம் என் வகுப்பு மாணவன் ஒருவனின் அப்பா பள்ளிக்கு வந்தார். மீனவர். "சார், கரையெல்லாம் எண்ணெ. ஒண்ணுமே இல்லைங்கிறாங்க. நாங்க சொன்னா எடுபட மாட்டேங்குது. இதை எப்படி சார் நிரூபிக்கிறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "போட்டோ எடுத்து வைங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

பதில் அப்போதே வானத்தில் இருந்திருக்கிறது. மோதல் நடந்த மறுநாளே, ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1ஏ செயற்கைக்கோள் எண்ணூர்க் கடலைப் படம் பிடித்திருக்கிறது. எண்ணெய் படர்ந்த இடம் அதில் கறுப்பாகத் தெரிந்தது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ், அதாவது இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், எண்ணெய் எந்தப் பக்கம் நகரும் என்று கணினியில் கணித்தது. இதையெல்லாம் ஓய்வு பெற்ற பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

எண்ணெய் ஏன் கறுப்பாகத் தெரிகிறது? இதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. அமெரிக்க விஞ்ஞானி பெஞ்சமின் பிராங்க்ளின், லண்டனில் கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றினார். மெல்ல மெல்லப் பரவி, அரை ஏக்கர் தண்ணீரின் சிற்றலைகள் அடங்கிக் கண்ணாடி போல ஆனது. 1774இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். நானும் வகுப்பில் தட்டில் தண்ணீர் ஊற்றி, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுக் காட்டியிருக்கிறேன். அதுதான் செயற்கைக்கோளுக்கும் அடிப்படை என்று அன்றைக்குத் தெரியாது.

சென்டினல் தானே மைக்ரோவேவ் அலையைக் கீழே அனுப்புகிறது. அதன் அலைநீளம் ஐந்தரை சென்டிமீட்டர் அளவு. கடலில் காற்று எழுப்பும் சின்னச் சின்ன அலைகளும் சில சென்டிமீட்டர்தான். அவற்றில் பட்டு ஒரு பகுதி திரும்பி வருகிறது. அந்த இடம் படத்தில் வெளிச்சமாக விழும். எண்ணெய் படிந்த இடத்தில் சிற்றலை அடங்கிவிடுவதால், அலை வேறு பக்கம் சிதறிப் போய்விடும். திரும்பி வருவது குறைவு. அதனால் கறுப்பு. மேகமோ இருட்டோ இதைத் தடுப்பதில்லை.

சாதாரணக் கேமரா போல ஒளியை நம்பும் கருவிகள் வேறு வகை. அவற்றுக்கு வெயில் வேண்டும், வானம் தெளிவாக இருக்க வேண்டும். ஆனால் கடலின் நிறத்தை அவைதான் சொல்லும். பச்சையம் எங்கே அதிகம், கலங்கல் எங்கே என்று பார்க்கலாம். அதோடு கடல்நீரின் வெப்பத்தையும் சேர்த்துத்தான், மீன் கிடைக்கக்கூடிய இடங்களை இன்காய்ஸ் மீனவர்களுக்குச் சொல்கிறது.

இந்தியாவுக்கு இது புதிதில்லை. 1978இல் அமெரிக்கா கடலுக்கென்றே சீசாட்டை ஏவியது. மூன்று மாதத்துக்குச் சற்று மேல்தான் அது வேலை செய்தது. 1979 ஜூன் 7 அன்று நம் பாஸ்கரா-1 ரஷ்ய ராக்கெட்டில் போனது. அதில் 'சமீர்' என்ற மைக்ரோவேவ் கருவி இருந்தது. நான் அப்போது ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். செய்தித்தாளில் படித்த ஞாபகம். 1999 மே 26 அன்று ஓஷன்சாட்-1 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே கிளம்பியது. கடல் நிறம் பார்க்கும் கருவி, மைக்ரோவேவ் கருவி இரண்டும் அதில் இருந்தன. 2009இல் ஓஷன்சாட்-2 கடல்மேல் வீசும் காற்றையும் அளந்தது. பழவேற்காட்டைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பினால் எங்கள் மொட்டை மாடியிலிருந்தே தெரியும். அது போய்ப் பார்ப்பது நம் கடலையும்தான் என்று பிள்ளைகளுக்கு ஒரு நாளும் சொல்லிக் கொடுக்கவில்லையே என்று இப்போது வருத்தமாக இருக்கிறது.

ஆனால் வானத்துக் கண்ணையே முழுக்க நம்பிவிடக் கூடாது. காற்று அடங்கிய கடலும் கறுப்பாகத்தான் விழும். பாசியும் மீன் கூட்டமும் விடும் இயற்கை எண்ணெய்ப் படலமும் அப்படியே. பலத்த காற்று அடித்தால் எண்ணெய் கலைந்து தெரியாமலே போகும். எண்ணெய் யாருடையது என்று கறுப்புத் திட்டு சொல்லாது. தினமும் அந்தச் செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் வருவதுமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்ததே, அலையாத்திச் செடிகளிலும் படகுகளிலும் ஒட்டியிருந்த அந்த எண்ணெயை அருகில் போய்த்தான் பார்க்க முடிந்தது.

2017இல் பக்கெட்டைக் கையில் பிடித்து எண்ணெயை அள்ளியவர்கள் மனிதர்கள்தான். வாடைக் காற்றில் அது தெற்கே மெரினா வரைக்கும் போனது. மீன் விற்கவில்லை. அந்த மாணவன் பல நாள் பள்ளிக்கு வரவில்லை. வந்தபோது அவன் கால் விரல் இடுக்கில் கறுப்பு அப்பியிருந்தது.

அவன் அப்பா கேட்ட கேள்விக்கு எட்டு வருடம் கழித்து என் பதில் இது. அண்ணே, கரையில் நீங்கள் எடுக்கும் போட்டோவில் தேதியும் நேரமும் இடமும் இருக்கட்டும். அந்த நாளுக்குரிய சென்டினல் படத்தை இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம். உங்கள் பிள்ளைக்கே அது முடியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், "ஒன்றுமில்லை" என்று சொல்வது யாருக்கும் கஷ்டம்.

இந்தப் பகுதியில் பணியில் இருக்கும் அறிவியல் ஆசிரியர்கள் யாராவது இதை வகுப்பில் செய்து காட்டினால் மகிழ்வேன். தட்டு, தண்ணீர், ஒரு சொட்டு எண்ணெய் போதும். பதிவில் பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.