ஏற்காட்டுக்கு எடுத்துப்போன பழைய சேலைப் போர்வை



போன மாதம் நானும் என் துணைவியாரும் ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து வீடொன்றில் இரண்டு நாள் தங்கினோம். அங்கே கம்பளி கொடுத்தார்கள். அவர் அதைத் தொடவில்லை. என் அம்மா பழைய சேலைகளை அடுக்கிக் கையால் தைத்த போர்வையைப் பையில் கொண்டுவந்திருந்தார். சாயங்காலக் குளிரில் திண்ணையில் உட்கார்ந்து அதையே இருவரும் போர்த்திக்கொண்டோம்.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பி பயிரிட்டதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். போர்வைக்கும் வரலாறு உண்டென்று ஒருநாளும் சொன்னதில்லை.

வங்காளத்தில் இதற்குக் காந்தா என்று பெயர். பழஞ்சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைப்பார்கள். அமெரிக்காவின் பிலடெல்பியா அருங்காட்சியகத்தில்கூடக் காந்தாக்கள் இருக்கின்றன. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வழிவந்த சித்திப் பெண்கள் தைப்பது கவந்தி. ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துப் போவார்கள். நான்கு மூலையிலும் துணிப்பூ வைத்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

காந்தாவும் நம் 'கந்தை'யும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. அங்கே அதைக் கலை என்கிறார்கள். நாம் கிழிசலுக்குத்தான் அந்தச் சொல்லை வைத்திருக்கிறோம்.

எந்தச் சேலை எப்போது உடுத்தியது என்று அம்மாவிடம் நான் கேட்கவில்லை. இனிக் கேட்க முடியாது. உங்கள் வீட்டில் இப்படியொரு போர்வை இருந்தால், தைத்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். இந்த வாரத்து வீட்டுப்பாடம் இதுதான்.