மனோன்மணீயம் பாக்களுக்கு வீட்டிலேயே மெட்டு போடலாமா?

தமிழ்த்தாய் வாழ்த்து ஒரு நாடகத்தில் இருந்து எடுத்த பாட்டு. பெ.சுந்தரம் பிள்ளை 1891-ல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' கவிதை நாடகத்தின் தொடக்கத்தில் அது வருகிறது. மெட்டமைத்தவர் எம்.எஸ்.விஸ்வநாதன். 2021-ல் மாநிலப் பாடலானது.

நாடகத்தின் மற்ற பாக்களுக்கு நாமே இசையமைக்கலாமா?

தாராளமா. ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கடந்தால் காப்புரிமை முடிந்துவிடும். சுந்தரம் பிள்ளை மறைந்தது 1897-ல். ஆனால் அடுத்தவர் போட்ட மெட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் உரிமை தனி. அதனால் மெட்டும் குரலும் உங்களுடையதா இருக்கட்டும்.

என்ன தேவை?

லேப்டாப், மைக், ஹெட்போன், இலவச மென்பொருளான அடாசிட்டி.

எப்படிச் செய்வது?

* நாடகம் பெரும்பாலும் ஆசிரியப்பா. பெரும்பாலான அடிகளில் 4 சீர். முதலில் சீர் பிரித்து வாய்விட்டு வாசியுங்கள். தாளம் தானா பிடிபடும்.
* முதல் டிராக்கில் சுருதி, இரண்டாவதில் தாளத் தட்டு, மூன்றாவதில் குரல்.
* பாடும்போது ஹெட்போன் கட்டாயம். இல்லாட்டி தட்டு சத்தமும் குரலோடு பதிவாகிவிடும்.
* கடைசியில் தட்டு டிராக்கை மியூட் செய்து சேமியுங்கள்.

எந்த அறையில் பாடலாம்?

கீழச்சிவல்பட்டி போன்ற செட்டிநாட்டு ஊர்களில், பெரிய வீட்டு வளவில் பாடினால் எதிரொலிக்கும். பதிவில் ஏறிய எதிரொலியைப் பிறகு நீக்குவது கஷ்டம். மெத்தை, திரைச்சீலை உள்ள சின்ன அறையே நல்லது.

ஒன்றை மறக்காதீங்க: அரசு விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்துக்குப் புது மெட்டு கூடாது. அதற்கு மோகன ராகம், 55 விநாடி என்று அரசு வரையறுத்திருக்கிறது.